சேர்க்கை சரியில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. சண்டை நடந்து ஓய்ந்த வீட்டுக்கென்று ஒரு நிசப்தம் உண்டு. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"வாங்க, வாங்க. நீங்களே வந்து பாருங்க இந்தக் கூத்தை" என்றார்.

கூத்து இதுதான்: பதினோராம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகனின் புத்தகப் பையில் ஒரு சிகரெட் பெட்டி அகப்பட்டிருக்கிறது. பத்து இருக்கவேண்டிய பெட்டியில் மூன்றுதான் மிச்சம். இருந்த மூன்றைவிட, போன ஏழுதான் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. பையன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். நண்பரின் தாயார் ஊஞ்சலில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படியாக, "வளர்ப்பு சரியில்லை" என்றார். அது மருமகளுக்கு. நண்பர் மேஜையைத் தட்டி, "வளர்ப்புக்கு என்னம்மா குறைச்சல்? சேர்க்கை சரியில்லை" என்றார். அது ஊரான் பிள்ளைகளுக்கு. அந்த மருமகள் காபி டம்ளரோடு சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அவர் பிறகு சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு இதே கூடத்தில் நடந்த வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. போன வருஷம் இதே பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கினான். அன்றும் நான் போயிருந்தேன், மைசூர்ப்பாகு தின்றேன். அன்று தாயார், "எங்க வம்சம் அப்படி" என்றார். நண்பர், "நான் வளர்த்த வளர்ப்பு" என்றார். பரீட்சைக்கு முன்னால் இரண்டு மாதம் மொட்டைமாடியில் விளக்குப் போட்டுக்கொண்டு அந்தப் பையனோடு நள்ளிரவு வரைக்கும் உட்கார்ந்து படித்த நாலு சிநேகிதர்களின் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. அந்த நாலு பேரில் ஒருவன்தான் இன்றைக்குச் 'சேர்க்கை' ஆகியிருக்கிறான். லாபம் வந்தால் முதலாளிக்கு, நஷ்டம் வந்தால் கூட்டாளிக்கு என்று கணக்கு எழுதுகிற வியாபாரியை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? அந்தப் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கணக்கை நானும் எழுதியவன்.

'வளர்ப்பு', 'சேர்க்கை' என்ற இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நம் நடுத்தர வர்க்கம் செய்கிற அக்கிரமத்தைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். முதல் சொல்லால் நாம் பெண்களை அடிக்கிறோம். இரண்டாவது சொல்லால் ஏழைகளை அடிக்கிறோம். நடுவில் நிற்கிற குழந்தையை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலில் வளர்ப்பை எடுத்துக்கொள்ளுவோம்.

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்கிறோம். 'அடியாத மாடு படியாது' என்கிறோம். இந்தப் பழமொழிகளுக்கு அடியில் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருக்கிறது: பிள்ளை என்பது களிமண், பெற்றவர்கள் குயவர்கள். பானை கோணலானால் குயவனைக் கேள்! நம் வீடுகளில் குயவன் என்றால் குயத்திதான். தகப்பனார் மாலையில் வந்து பானையைத் தட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுகிறவர்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? உலகத்தில் பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது வருஷமாக இரட்டைக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளையெல்லாம், மொத்தம் 2,748 கட்டுரைகளை, ஒன்றாகத் திரட்டி 2015-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கணக்கில் வந்த இரட்டையர்கள் ஒரு கோடியே நாற்பத்தைந்து லட்சம் ஜோடிகள். மனிதருக்கு மனிதர் காணும் வித்தியாசங்களில், எல்லா அம்சங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஏறக்குறையப் பாதி பிறவியோடு வருவது என்று முடிவு கண்டார்கள். சரி, மிச்சப் பாதி வீட்டில் வளர்த்த வளர்ப்புதானே என்று அவசரப்படக்கூடாது. ஒரே கூரையின்கீழ், ஒரே தாய் தகப்பனிடம், ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த இரண்டு பிள்ளைகள் சுபாவத்தில் ஒன்றுபோல் ஆகிவிடுவதில்லை. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். அண்ணன் தம்பி உள்ள எந்த வீட்டிலும் போய்க் கேட்டால் சொல்லுவார்கள். ஒரே குயவன், ஒரே சக்கரம்; ஒன்று பானை, ஒன்று அகல் விளக்கு.

அப்படியானால் அந்த மிச்சப் பாதி எங்கேயிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னவர் ஜூடித் ரிச் ஹாரிஸ் என்கிற அமெரிக்கப் பெண்மணி. அவருடைய கதை எனக்குப் பிடித்த கதை. 1960-ஐ ஒட்டிய காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை, 'உங்களுக்கு எங்கள் டாக்டர் பட்டம் வாங்கும் தகுதியில்லை' என்று கடிதம் கொடுத்து அவரை வெளியே அனுப்பிவிட்டது. கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் மில்லர் என்ற புகழ்பெற்ற பேராசிரியர். அந்த அம்மாள் உடல் நலிந்து, வீட்டில் இருந்தபடியே கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பெற்றோர் வளர்க்கிறபடி ஆகிறார்கள் என்று வருஷக்கணக்காகப் பாடம் எழுதிவிட்டு, ஒருநாள், 'நான் எழுதுவதை நானே நம்பவில்லையே!' என்று உணர்ந்தார். 1995-இல் ஒரு கட்டுரை, 1998-இல் ஒரு புத்தகம். குழந்தை வீட்டுக்கு வெளியே என்னவாக ஆகிறது என்பதைத் தீர்மானிப்பது பெற்றோரைவிட அதன் வயதொத்த பிள்ளைகளின் கூட்டம்தான் என்று அடித்துச் சொன்னார். உளவியல் உலகம் கொதித்தது. அவர் சொன்னதை மறுக்கிறவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரைக்கு அமெரிக்க உளவியல் சங்கம் ஒரு பரிசு கொடுத்தது. பரிசின் பெயர் என்ன தெரியுமா? ஜார்ஜ் மில்லர் பரிசு! கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்வதை வாசகர்கள் மன்னிக்கவேண்டும்.

ஹாரிஸ் அம்மாள் காட்டிய சாட்சிகளில் ஒன்று எனக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் அது காது சம்பந்தப்பட்டது. கதை எழுதுகிறவனுக்குக் காதுதான் மூலதனம். வேற்றூரில் குடியேறியவர்களின் பிள்ளைகள் யாருடைய பேச்சைப் பேசுகிறார்கள்? தாயின் பேச்சையா? இல்லை. தெருப் பிள்ளைகளின் பேச்சை.

நானே அதற்குச் சாட்சி. 1990-இல், எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அப்பாவுக்கு வேலையில் மாற்றலாகிக் கும்பகோணத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போனோம். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்ததும் வகுப்பே சிரித்தது. காலாண்டுப் பரீட்சை வருவதற்குள் நான் 'ஏல' என்று கூப்பிடவும், 'சோலியைப் பார்த்துட்டுப் போ' என்று சொல்லவும், குளிரைக் 'கூதல்' என்று சொல்லவும் பழகிவிட்டேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடித்துத் திருத்தவில்லை. மைதானத்தில் பந்து என் பக்கம் வரவேண்டுமானால் அந்தப் பாஷையில் கேட்கவேண்டியிருந்தது, கேட்டேன், வந்தது. அம்மா அந்த ஊரில் முப்பது வருஷம் இருந்தும் கடைசிவரை தஞ்சாவூர்ப் பேச்சைத்தான் பேசினாள். எனக்குப் பால் கொடுத்தவள் பேச்சு என் நாக்கில் தங்கவில்லை. பந்து கொடுத்தவர்கள் பேச்சுத் தங்கிவிட்டது. என் கதைகளில் நெல்லை மணம் வீசுகிறது என்று யாராவது எழுதும்போதெல்லாம், அந்த மைதானத்துப் பயல்களுக்குத்தான் நான் மானசீகமாக ஒரு கும்பிடு போடுவது வழக்கம்.

இதைவிடப் பெரிய அதிசயம் நிகராகுவா தேசத்தில் நடந்திருக்கிறது. 1970-களின் பிற்பகுதி வரைக்கும் அங்கே காது கேளாத பிள்ளைகள் அவரவர் வீட்டில் தனித்தனியாகக் கிடந்தார்கள். தாய் தகப்பன்மாருடன் ஏதோ நாலு சைகை, அவ்வளவுதான். பிறகு மனாகுவா நகரத்தில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. உபாத்தியாயர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் மொழியைப் புரிந்துகொள்ளக் கற்பித்தார்கள். அது அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஆனால் விளையாடுகிற இடத்திலும் பள்ளிக்கூட வண்டியிலும் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ளே கையை ஆட்டி ஆட்டி ஒரு புதிய மொழியையே உண்டாக்கிவிட்டார்கள்! அடுத்து வந்த சின்னக் குழந்தைகள் அதை இன்னும் செப்பனிட்டு, இலக்கணம் உள்ள முழு மொழியாக ஆக்கினார்கள். உலகத்து மொழியியலார்கள் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தத் தகப்பனும் கொடுக்காத, எந்த வாத்தியாரும் கற்பிக்காத ஒரு மொழியைக் குழந்தைகள் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். இதற்குப் பெயர்தான் சேர்க்கை.

"அப்படியானால் தாய் தகப்பன் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெற்றவர்கள் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை; சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ருமேனியாவில் 1989-இல் சர்வாதிகாரி விழுந்தபிறகு அங்கிருந்த அனாதை விடுதிகளின் கதவுகள் திறந்தபோது உலகம் என்ன பார்த்தது? தொட்டிலில் வரிசையாகக் குழந்தைகள். சோறு உண்டு, துணி உண்டு. தூக்குவதற்கு ஒரு தோள் இல்லை. அந்தக் குழந்தைகள் உடம்பும் குன்றி, அறிவும் குன்றிப் போயிருந்தார்கள். 2000-ஆம் வருஷத்திலிருந்து புகாரெஸ்ட் நகரத்தில் 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சியில், சீக்கிரமாக ஒரு வளர்ப்புத் தாயின் வீட்டுக்குப் போன குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள் என்று கண்டார்கள். மடி இல்லாமல் மனிதன் இல்லை.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 1945-இல், நாஜிகளின் தெரேசின் முகாமிலிருந்து மீண்ட ஆறு யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் மூன்று வயது, அதை ஒட்டி. பெற்றவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்து அந்த ஆறு பேருக்கும் நிரந்தரமாக இருந்தது மற்ற ஐந்து பேர்தான். உளவியல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டும், சோபி டான் என்பவரும் அந்தக் குழந்தைகளைப் பற்றி 1951-இல் எழுதினார்கள். பெரியவர்களை அவர்கள் கடித்தார்கள், துப்பினார்கள். ஆனால் தங்களுக்குள் ஒருவரைவிட்டு ஒருவர் பிரிய மறுத்தார்கள். சாப்பாட்டைத் தான் தொடுமுன் அடுத்த குழந்தைக்குக் கிடைத்ததா என்று பார்த்தார்கள். பெரியவர்களின் உலகம் அவர்களுக்குச் செய்த கொடுமைக்கு நடுவே, மூன்று வயதுக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் தாயாக இருந்தார்கள்.

ஆக, மடியும் வேண்டும், மைதானமும் வேண்டும். மடியின் வேலை பானை வனைவது அல்ல. விழுந்து, அடிபட்டு, தோற்று, சிநேகிதனோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிவருகிற குழந்தைக்கு வந்து சேர ஓர் இடமாக இருப்பதுதான். என் மனைவியிடம் நான் அன்பாக இருப்பது பிற்காலத்தில் அவள் இன்ன மாதிரி ஆகவேண்டும் என்பதற்காகவா? இல்லை; அவளோடு இன்றைக்கு வாழ்கிறேன் என்பதற்காக. குழந்தையிடமும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஹாரிஸ் அம்மாளும் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதற்காகவே அவருக்கு இன்னொரு பரிசு கொடுக்கலாம்.

இனி இரண்டாவது சொல். சேர்க்கை.

பிள்ளைகள்தான் பிள்ளைகளை ஆக்குகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? உடனே நம் பெற்றோர்கள், "அதைத்தானே ஐயா நாங்களும் சொல்லுகிறோம்! அதனால்தானே கண்டவனோடு சேரவிடாமல் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம்" என்று என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு. 'கண்டவன்' என்கிறீர்களே, யார் அந்தக் கண்டவன்? பொய் சொல்லுகிற பையனா? பூனைமேல் கல் எறிகிறவனா? வகுப்பில் திக்கிப் பேசுகிறவனைப் பழித்துக் காட்டுகிறவனா? அவன் நல்ல பள்ளிக்கூடத்துச் சீருடை போட்டிருந்தால், அவனுடைய அப்பா காரில் வந்து இறங்கினால், அவனை நாம் 'கொஞ்சம் துடுக்கு' என்கிறோம். 'சேர்க்கை' என்று சொல்லும்போது நம் கண்முன் வருகிறவன் வேறு. அவன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அவன் அப்பன் என்ன வேலை செய்கிறான், வாய்விட்டுக் கேட்கத் துணியாவிட்டாலும் அவன் என்ன ஜாதி, இவைதான் அந்தச் சொல்லுக்கு நாம் எழுதிவைத்திருக்கிற பொருள்.

ஊரைச் சொல்லுவானேன்? என் வீட்டுக் கதையையே சொல்லுகிறேன்.

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். இஸ்திரி போடுகிறவரின் மகனும் என் மகனும் ஒரே வயது. இருவருக்கும் எட்டு வயதாக இருந்தபோது ஜோடி சேர்ந்தார்கள். மாலையில் இவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அவன் மட்டையோடு எங்கள் கேட்டருகே நிற்பான். என் மகனின் மற்ற நண்பர்கள் என்னை 'அங்கிள்' என்பார்கள். இவன் ஒருவன்தான் 'மாமா' என்று கூப்பிடுவான். கேட்க நன்றாக இருக்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது என் மகன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். என்ன அர்த்தம் என்று தெரியாமல், ரசத்தில் உப்பு இல்லை என்பதற்காகச் சொன்னான். நான் துடித்துப்போனேன். இத்தனைக்கும் அந்த வார்த்தையை என் நாவல் ஒன்றில் ஒரு பாத்திரம் இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறது. 'மண்வாசனை' என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். புத்தகத்தில் இருந்தால் மண்வாசனை, சாப்பாட்டு மேஜைக்கு வந்தால் சேர்க்கை! மறுநாள் மாலை அந்தப் பையன் மட்டையோடு வந்தான். நான் கேட்டைத் திறக்காமலே, "தம்பி, அவன் படிக்கிறான்" என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். உள்ளே என் மகன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான், படிக்கவில்லை. நாலாம் நாள் அவன் வரவில்லை. நான் அவனைத் திட்டவில்லை, விரட்டவில்லை. நாகரிகமாகத்தான் நடந்துகொண்டேன். நம் வர்க்கத்தின் கொடுமைகள் எல்லாம் நாகரிகமாகத்தான் நடக்கின்றன.

சில மாதம் கழித்து என் மகனையும் அவன் பள்ளிச் சிநேகிதன் ஒருவனையும் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தேன். இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது அந்தச் சிநேகிதன், "அந்தப் பையனோட நீ விளையாடுவே இல்லே?" என்று கேட்டான். என் மகன், "இல்லடா, அவங்கள்லாம் ஒரு மாதிரி" என்றான்.

'அவன்' இல்லை, 'அவங்கள்லாம்'. இந்தப் பன்மையை எட்டு வயதுப் பையனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டருகே நின்று கற்றுக்கொடுத்தேன்.

இதையே தேசம் முழுவதும் சட்டத்துக்கு எதிராகப் பேசினோம் என்பதையும் ஞாபகப்படுத்த வேண்டும். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தங்கள் ஆரம்ப வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கவேண்டும் என்றது. வழக்குப் போட்டார்கள். 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 'எங்கள் குழந்தைகள் கெட்டுப்போவார்கள்' என்ற முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. உண்மையில் கெட்டுப்போனார்களா? டெல்லியில் 2007-ஆம் வருஷமே இப்படி ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் அங்கே போய்ப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த பணக்காரப் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் கொடுப்பதில் தாராளமாக இருந்தார்கள். ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஏழையா பணக்காரனா என்று பார்ப்பது குறைந்து, நன்றாக ஓடுகிறவனா என்று பார்த்தார்கள். நஷ்டம்? இங்கிலீஷ் மார்க்கு கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். மனிதனாவதற்கு நாலு மார்க்குச் செலவானால் அது அதிக விலையா?

"வள்ளுவரே சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறாரே!" என்று தமிழ் படித்த தகப்பனார்கள் கேட்பார்கள். வைத்திருக்கிறார். நாற்பத்தாறாவது அதிகாரம். அதை அவர் எங்கே வைத்திருக்கிறார்? பொருட்பாலில், அரசியலில். நாடாளுகிறவன் யாரை அருகில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று வளர்ந்த மனிதனுக்குச் சொன்ன புத்தி அது. கோலி விளையாடுகிற குழந்தையைப் பிடித்து இழுப்பதற்குச் சொன்னதல்ல. சிற்றினம் என்றால் சிறுமைக் குணம் படைத்தவர்களின் கூட்டம். குடிசையில் இருப்பவர்களின் கூட்டம் அல்ல.

கேட்டைச் சாத்துவதால் சேர்க்கை இல்லாமல் போய்விடுவதில்லை. நாம் வெட்டிவிட்ட பாத்தியில் அது வளருகிறது. அது எங்கே போய் முடியும் என்று பார்க்க நான் வளர்ந்த அந்தத் திருநெல்வேலிச் சீமைக்கே வாருங்கள். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்ன ஜாதிக்கு இன்ன நிறம் என்று கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்ததை நாடறியும். 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தலித் மாணவனை, அவனுடன் அதே பள்ளியில் படித்த பிள்ளைகள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பிழைத்தார்கள். அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு விசாரித்தது. 2024 ஜூன் மாதம் அவர் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று ஜாதியைக் காட்டுகிற அடையாளங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தடை செய்யவேண்டும் என்று சிபாரிசு செய்தார்.

இந்தக் கயிற்றைக் கட்டியது யார்? சேர்க்கைதான். நான் மறுக்கவில்லை. பதினாலு வயதுப் பையன் அப்பா சொல்லி எதையும் கையில் கட்டிக்கொள்ளமாட்டான். சிநேகிதன் கட்டியிருந்தால் கட்டிக்கொள்ளுவான். ஆனால் அந்தக் கயிற்றுக்கு நூல் திரித்தது வீடு. 'அந்தத் தெருப் பக்கம் போகாதே', 'அவன் வீட்டில் தண்ணி குடிச்சியா?', 'நம்ம பசங்களோட சேர்ந்து போ' என்று ஒவ்வொரு வீட்டிலும் திரித்த நூல்.

1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹாமா மாகாணத்தில் முசாபர் ஷெரீப் என்ற அறிஞர் பதினொரு வயதுப் பையன்கள் இருபத்திரண்டு பேரை ஒரு காட்டு முகாமுக்கு அழைத்துப்போனார். எல்லோரும் ஒரே இனம், ஒரே மதப் பிரிவு, ஒரே மாதிரிக் குடும்பம். இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குக் கழுகு, இன்னொன்றுக்குப் பாம்பு என்று பெயர் வந்தது. போட்டிகள் வைத்தார்கள். சில நாளில் கொடியைக் கொளுத்தினார்கள், தங்கும் குடிலில் புகுந்து சூறையாடினார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டபோதும், வண்டி நின்றுபோனபோதும், எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய நேர்ந்து சிநேகிதமானார்கள். பெரியவர்களே கொஞ்சம் தூண்டிவிட்டுத்தான் அந்தச் சண்டை நடந்தது என்று பின்னால் குறை சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும்! அந்தக் குறை என் கட்சிக்குத்தான் பலம். பிள்ளைகளின் கூட்டம் பெரும் சக்தி. அந்தக் கூட்டத்தை எங்கே கோடு கிழித்துப் பிரிப்பது என்று முடிவு செய்கிறவர்கள் பெரியவர்கள். கோட்டை நாம் கிழித்துவிட்டு, கத்தியைத் தூக்கியவன் மேல் 'சேர்க்கை சரியில்லை' என்று பழி போடுகிறோம்.

"அப்படியானால் பிள்ளை கஞ்சா அடிக்கிறவனோடு போனாலும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுகிறீரா?" என்று கேட்காதீர்கள். ஆபத்து உண்டு, தெரியாதவனல்ல நான். ஆனால் ஆபத்தை அறிய ஒரே வழி, பிள்ளையின் சிநேகிதர்களை அறிவதுதான். கேட்டைச் சாத்தினவனுக்கு வெளியே நிற்கிறது யார் என்று எப்படித் தெரியும்? அந்த ஞாயிற்றுக்கிழமை என் நண்பரிடம் இதைத்தான் கேட்டேன். "உங்க பையனோட சிநேகிதன் அஞ்சு பேர் பெயர் சொல்லுங்க, பார்ப்போம்." அவர் ஒரு பெயர் சொன்னார். இரண்டாவது பெயருக்கு மேலே மின்விசிறியைப் பார்த்தார். அத்தோடு நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்த அம்மாள் நிலைப்படியிலிருந்து பேசினார். சத்தம் போடாமல்தான் பேசினார்.

"நீங்க சேர்க்கை சரியில்லைன்னு சொல்றீங்களே, அந்தப் பையனோட அம்மா மூணு வாரமா ஆஸ்பத்திரியில இருக்காங்க. நம்ம பையன்தான் தினமும் சாயங்காலம் டிபன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ராத்திரி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்காங்க. அங்கேதான் இந்தச் சிகரெட்டுப் பழகியிருக்கும். சிகரெட்டுக்கு நானும் சத்தம் போட்டிருக்கேன். ஆனா டிபன் கொண்டுபோகச் சொல்லி நான் சொல்லலை. நீங்களும் சொல்லலை."

கூடத்தில் யாரும் பேசவில்லை. ஊஞ்சல்கூட நின்றுவிட்டது. 'வளர்ப்பு சரியில்லை' என்று யாரைச் சொன்னார்களோ அந்த ஒருத்திக்குத்தான் அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரிந்திருந்தது, கஷ்டம் தெரிந்திருந்தது. ஒரே சேர்க்கையில் அந்தப் பையன் சிகரெட்டும் கற்றான், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிநேகிதனுக்காகக் காத்திருக்கவும் கற்றான். முதலாவதை அப்பா பையில் கண்டுபிடித்தார். இரண்டாவது பையில் அகப்படுகிற பொருளல்ல.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பாட்டிமார் சொன்னதை நாம் தர்மோபதேசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது விஞ்ஞானம். உன் பிள்ளையை வளர்க்கப்போகிறவன் அந்த ஊரான் பிள்ளைதான். அவனைப் பட்டினி போட்டு, அவமானப்படுத்தி, கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உன் பிள்ளை மட்டும் நன்றாக வளரவேண்டும் என்றால் எப்படி வளரும்? கேட்டைத் திறவுங்கள். உள்ளே கூப்பிட்டு இரண்டு தோசை போடுங்கள். அவன் பெயரைக் கேளுங்கள். வேறு வளர்ப்பு எனக்குத் தெரியாது.

என் கேட்டை நான் திறந்தேனா என்று வாசகர்கள் கேட்கலாம். போனேன். இஸ்திரி வண்டியடியில் போய் நின்று, "என்னப்பா, இப்போதெல்லாம் வீட்டுக்கு வருவதே இல்லையே, மட்டையை எடுத்துக்கொண்டு வாயேன்" என்றேன். ஆனால் அதற்குள் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அவன் அப்பாவுக்கு ஒத்தாசையாகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாக, என் மூட்டையை எடுத்து நீட்டினான்.

"பதினாலு உருப்படி, சார்" என்றான்.

பெற்றவர்களும் பெரியவர்களும் குழந்தைகளுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்று யார் சொன்னது? அந்தச் 'சார்' நான் கற்றுக்கொடுத்தது.